யுவராணி போகாத கல்யாணம்

எங்கள் வீட்டு யுவராணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நல்ல பெண். என் தம்பி பரத்துக்கு இவளைவிட நல்ல பெண்டாட்டி கிடைத்திருக்க மாட்டாள் என்பதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்வேன். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம், அந்தப் படிப்பில் சேர்ந்ததும் அவளை விட்டுப் போய்விட்டது.

நான் சாமுண்டீஸ்வரி, பரத்தின் அக்கா. வீட்டுக்காரர் தவறிய பிறகு கள்ளிக்குப்பத்தில் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிற எங்கள் தெருக்காரர்களில் பாதிப் பேர் என் மாவில் சுட்ட தோசையைத் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் இங்கே கூலி வேலை செய்ய நிலம் இருந்தது. இப்போது அந்த நிலத்தில் ஃப்ளாட் இருக்கிறது, ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கும் நான்தான் மாவு.

யுவராணி ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கு அங்கே ஃபிட்டர் வேலை. பக்கத்து வீட்டில் திருநெல்வேலி, எதிர்வீட்டில் சேலம், மாடியில் நாகர்கோவில். நாலு ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால், யார் எப்படிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்கிற காது அவளுக்கு. கல்யாணமாகி வந்ததும் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஆட்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். லீவு, சம்பளம், பி.எஃப். என்று யார் வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வரவேண்டும்.

ஒரு நாள் ஒரு மெஷின் ஆபரேட்டர் அந்த மேஜை முன்னால் வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் அழுதாராம். இவள் பதறிப்போய் லீவு ஃபாரத்தை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். "அவர் லீவு கேக்கலை அண்ணி. நான் என்ன பண்ணியிருக்கணும்னு எனக்குத் தெரியலை" என்று பல நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் கார்த்திகா ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டாள். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு. மேல் மனசு இல்லை, அடியில் கிடக்கிற மனசு. ஆழ்மனம் என்று பேர்.

அந்த இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. காலையில் எழுந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுவென்று பேசுவாள். பரத்துக்கு முகமே செத்துப்போனது. கடைசியில் பார்த்தால், கண்ட கனவை மறந்துபோவதற்குள் பேசிப் பதிவு பண்ணுகிறாளாம், வகுப்புக்கு வேண்டுமாம். கனவுக்குப் பலன் சொல்ல இவ்வளவு செலவு செய்து காலேஜ் போக வேண்டுமா? பாம்பு துரத்தினால் சனி விலகுகிறது, கல்யாணம் கண்டால் கெட்ட செய்தி வரும், பல் விழுந்தால் வாயே திறக்கக்கூடாது. எல்லாம் நானே சொல்லியிருப்பேன். என் கனவு ஒன்றைச் சொல்லி அர்த்தம் கேட்டேன். "உங்களுக்கு என்ன தோணுது அண்ணி?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்குத் தோன்றியிருந்தால் உன்னை ஏன் கேட்கிறேன்?

இது போதாதென்று வாராவாரம் அண்ணா நகருக்குப் போய் ஓர் அம்மாவிடம் தன் கதையைப் பேசிவிட்டு வருவாள். படிக்கிறவர்களும் அப்படிப் போய் உட்கார்ந்தே ஆகவேண்டுமாம். தன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்தவர் மனசுக்குள் நுழையக்கூடாதாம். பரத் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலையாக, "இன்னிக்கு என்னப் பத்தி இன்னா சொன்ன?" என்று கேட்பான். "உங்களைப் பத்திப் பேச நேரமே இல்லைங்க" என்பாள். தன்னைப் பற்றித் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான், பேச்சே இல்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம்.

இரண்டாம் வருஷம் நேரடிப் பயிற்சி. ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒரு டிரஸ்ட் இலவச மையம் நடத்துகிறது. வியாழக்கிழமை மத்தியானம் அங்கே போவாள். ஒரே ஆளோடு மாதக்கணக்கில் பேசி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். நடுவில் அந்த ஆள் வராமல் நின்றுவிட்டால் இன்னொருவரோடு மறுபடியும் முதலிலிருந்து, அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். யார் அந்த ஆள், ஆணா பெண்ணா, என்ன குறை, எதுவும் சொல்ல மாட்டாள். நானும் குழம்பு ஊற்றும்போது கேட்டேன், தலை வாரும்போது கேட்டேன். மூச்சு விடவில்லை.

அவள் சொல்லாவிட்டால் என்ன? அந்த ஆளே வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யுவராணி கார்த்திகாவை ஓவியப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வாசலில் ஒரு மனிதர், வெள்ளை வேட்டி சட்டை, வயது அறுபதை ஒட்டி இருக்கும். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய மனைவி. கையில் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"மன்சு டாக்டர் ஊடு இதானா தங்கச்சி?"

"டாக்டர் இல்லண்ணே, இன்னும் படிச்சுகினு கீறா. இன்னா விஷயம்?"

"என் பேரு துலுக்கானம். திருமழிசையில ஒரு கம்பெனில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறேன். இது என் ஊட்டுக்காரி கண்ணம்மா. எங்க பொண்ணு வர்ஷாவுக்குக் கல்யாணம். மேடத்துக்குப் பத்திரிகை வைக்கணும். ஆபீசுல நீட்னா அது மருவாதியா? ஊட்டாண்ட வந்து தட்டுல வச்சுக் குடுத்தாத்தான மொறை. மருந்துக்கடைக்காரராண்ட கேட்டுகினு வந்தோம்."

உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார் போல. நான் கேட்காமலே சொன்னார்.

"எனக்குப் பந்தியில ஒக்காந்தா சோறு எறங்காது தங்கச்சி. தொண்ட மூடிக்கும். ஆஸ்பத்திரில தொண்டைக்குள்ள டியூப் உட்டுக்கூடப் பாத்துட்டாங்க, ஒன்னியும் இல்லன்ட்டாங்க. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய் வச்சுட்டு, பீடி புடிக்கப் போறேன்னு நழுவிடுவேன். இது என் பொண்ணு கல்யாணம். சம்பந்தி பக்கத்துல ஒக்காந்து சாப்டணும். பொண்ணப் பெத்தவன் எலையில கை வைக்காம எந்திரிச்சா, அவங்க இன்னா நெனப்பாங்க? மேடத்தாண்ட பேசறப்பதான் எனக்குத் தொண்ட தொறந்துகினு கீது. அவங்க மட்டும் பக்கத்துல ஒக்காந்தா எறங்கிடும்."

கண்ணம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் எழுந்து நின்று தட்டை நீட்டினார்கள். என் இரண்டு கையும் தானாக நீண்டது. எங்கள் பக்கம் தட்டை வாங்கினால் வருகிறோம் என்று அர்த்தம், அதற்கு மேல் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. நான் வாயாலும் சொன்னேன். கண்ணம்மாவுக்குக் குங்குமம் வைத்து, தலையில் ஒரு முழம் பூவும் வைத்து, "குடும்பத்தோட வந்துடறோம்ணே" என்று அனுப்பினேன். நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நாளைக்கே இன்னொரு தட்டு வந்தாலும் இப்படித்தான் வாங்குவேன்.

யுவராணி வந்து தட்டைப் பார்த்தாள், பத்திரிகையில் பேரைப் பார்த்தாள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இதை ஏன் வாங்குனீங்க?"

"பின்ன? மூஞ்சில கதவ சாத்தச் சொல்றியா? பாவம் அந்த மனுசன். நீ போய் ஒரு வேளை பக்கத்துல ஒக்காந்து எழுந்தா இன்னா கெட்டுப்பூடும்?"

"வெளியில பழகக் கூடாதுங்கிறது எங்க விதி."

"விதியா? நீங்களா எழுதிக்கினதுதான?"

என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சரி, விதியை விடுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்தா அவர் சாப்பிடுவார்னே வச்சுக்கலாம். அடுத்த கல்யாணத்துக்கு? அதுக்கும் அடுத்ததுக்கு? அவர் உட்கார்ற பந்திக்கெல்லாம் நான் போக முடியுமா அண்ணி?"

அவள் கேட்டது நியாயம்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? தட்டைத் திருப்பி அனுப்பலாமா என்று அவள் வாயெடுத்ததும் நான் எழுந்து குறுக்கே நின்றுகொண்டேன். ஒரு பெண் கல்யாணத்துத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புவதா? நான் இருக்கிற வீட்டில் அது நடக்காது என்றேன். பரத் உள்ளேயிருந்து, "சாப்பாடு சைவமா, பிரியாணியா?" என்று கேட்டான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம். அன்றைக்கு எங்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான்.

மறுநாள் அவள் தன் பயிற்சியைக் கவனிக்கிற ரேவதி மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் போனால் துலுக்கானத்தை வேறு ஒருவரிடம் மாற்றிவிடுவார்களாம். போகாவிட்டால், வர மாட்டேன் என்பதை அவர் முகத்தைப் பார்த்து இவளே சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓடிப் போய்ச் சமாதானப்படுத்தக் கூடாது. என் தட்டு விஷயத்துக்கும் மேடம் தீர்ப்புச் சொல்லியிருந்தார். "வாங்கினது உங்க அண்ணி. வாக்குக் கொடுத்ததும் அவங்கதான். அவங்க போகலாம். ஆனா அங்கே உங்க பேரை எடுக்கக் கூடாது." அந்த மேடத்தை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார், தெரியாது. வந்தவள் முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். அதற்கு அடுத்த வியாழன், கல்யாணத்துக்கு முந்தின வாரம், வாசலில் செருப்பை விடும்போதே சொல்லிவிட்டாள்.

"வரலை அண்ணி."

வராத ஆளுக்காக அந்த ஒரு மணி நேரமும் அந்த அறையிலேயே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடைய நேரமாம். ஒரு போன் போட்டுக் கூப்பிடக் கூடாதா என்றேன். கூப்பிடக் கூடாதாம். என்ன படிப்போ!

நான் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் விசும்பல் கேட்டது. யாராவது அழுதால் எனக்குக் கை சும்மா இருக்காது. தண்ணீர் கொடுப்பேன், அழாதே என்பேன், அழ வைத்தவனை நாலு வார்த்தை திட்டுவேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஈரக் கையோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

"படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போனாப் போகட்டும் அண்ணி. அன்னைக்கு அந்த இலை முன்னாடி அவர் எப்படி உட்காருவார்? அதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கலை. நான் பண்ணது சரிதானான்னு தெரியலை."

எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது. இவள் கல்நெஞ்சால் போகாமல் இருக்கவில்லை என்று புரிந்தது.

கல்யாணம் பூந்தமல்லி தாண்டி ஒரு மண்டபத்தில். நான் மட்டும் போனேன். துலுக்கானம் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். "ஒண்டியாத்தான் வந்தியா தங்கச்சி?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். கொடுத்த வாக்குப்படி அவள் பேரை எடுக்கவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. தாலி கட்டி முடிந்தது. பெண் மாப்பிள்ளை போட்டோவுக்கு நின்றார்கள். எனக்கு மேடையில் கண் போகவில்லை, சாப்பாட்டு ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்திகள் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, "வாங்க சம்பந்தி, நீங்க ஒக்காந்தாத்தான் நாங்க கை வைப்போம்" என்று கூப்பிட்டார். துலுக்கானம் போனார். போகிற வழியில் என்னைப் பார்த்து, "நீயும் வா தங்கச்சி" என்றார். ஒரு பக்கம் சம்பந்தி, ஒரு பக்கம் நான். இலையில் கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வந்தன. சோறு வந்தது, சாம்பார் வந்தது. சம்பந்தி சாப்பிட ஆரம்பித்துவிட்டார். துலுக்கானம் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். தூண் பக்கத்தில் கண்ணம்மா நெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

இலையைப் பார்த்தபடியே அவர் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"எனக்கு அப்போ எட்டு ஒம்போது வயசு இருக்கும் தங்கச்சி. நைனா பெரிய ஊட்டு நெலத்துல கூலி. அவங்க ஊட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது, எலை அறுத்தது எல்லாம் நைனாதான். நான் போய்ப் பந்தியில குந்திட்டேன். ஒரு வாய் போட்டேன். ஒருத்தன் வந்து தோளப் புட்ச்சி, எந்திரிடான்னு தூக்கி வெளிய உட்டான். அந்த வாய்ச் சோறு அப்டியே நின்னுச்சு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. இத நான் ஊட்டுக்காரியாண்டகூடச் சொன்னதில்ல. மேடத்தாண்டதான் மொதல்ல வாயத் தொறந்தேன்."

எங்கள் அப்பாவும் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு வாழைமரம் கட்டப் போவார். ஒரு தடவையும் அங்கே சாப்பிட்டதில்லை, வீட்டுக்கு வந்து பழைய சோறு போட்டுக்கொள்வார். அப்பாவுக்கு விருந்துச் சாப்பாடு பிடிக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம் வர மாட்டேன்னு சொன்னாங்களா," என்று அவர் தொடர்ந்தார், "அவங்களும் என் தோளப் புட்ச்சித் தூக்குன மாரி இருந்துச்சு. அவ்ளோ கோவம். கன்னாபின்னான்னு பேசிட்டேன். அவங்க ஒன்னியும் திருப்பிச் சொல்லல. 'நான் வந்து நீங்க சாப்பிடறதவிட, நான் வராமலே நீங்க சாப்பிடணும்னு எனக்கு ஆசை'ன்னாங்க. எனக்கு வெறுத்துப் போச்சு. அடுத்த வாரம் போவல. ஊட்லயே குந்திகினு யோசிச்சேன். அவங்க எங்க என்னத் தூக்குனாங்க? நான்தான் அந்த மொதப் பந்தியிலயே இன்னும் குந்திகினு கீறேன்."

சம்பந்தி திரும்பிப் பார்த்தார். துலுக்கானம் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். பரிமாறுகிறவர்கள், அவர் ஆட்கள். பந்தியில் இருப்பவர்கள், அவர் அழைத்தவர்கள்.

"இது என் ஊட்டுக் கல்யாணம்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எந்திரிடான்னு சொல்ல இங்க எவன் கீறான்?"

ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். கழுத்து நரம்பு புடைத்தது. விழுங்கினார். இன்னொரு கவளம். அதையும் விழுங்கினார்.

"எறங்குது தங்கச்சி" என்றார்.

கண்ணம்மா ஓடி வந்து அவர் இலையில் நெய்யை ஊற்றினாள், கிண்ணம் காலியாகும் வரை ஊற்றினாள். சம்பந்தி சிரித்தார், என்ன நடந்தது என்று அவருக்கு எங்கே தெரியும்? நான் ரசத்துக்குள் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டேன். என் அப்பாவுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும், "யுவராணீ!" என்று கூப்பிட்டேன். அவள் சமையலறையிலிருந்து வந்தவள், என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு கையைக் காட்டித் தடுத்தாள்.

"சொல்லாதீங்க அண்ணி. நல்லதோ கெட்டதோ, சொல்லாதீங்க."

"ஏண்டி? நீதானே அழுத?"

"அது அவரோடது. அவர் வந்து சொன்னா, நான் அதை முதல் தடவையா கேக்கணும். உங்ககிட்ட முன்னாடியே கேட்டுட்டு, தெரியாத மாதிரி என்னால உட்கார முடியாது."

"வராமப் போயிட்டா?"

"அப்ப எனக்குத் தெரியாமலே போகட்டும்."

அடுத்த வியாழன் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரத்திடம் சொன்னால் அவன் உளறிவிடுவான். மாவு வாங்க வந்தவர்கள் கல்யாணம் எப்படி என்று கேட்டால், சாம்பார் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"வந்தாரா?"

"வந்தார்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவள் கண் இரண்டும் சிவந்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. எனக்குப் போதும். கை கால் கழுவிவிட்டு வந்து, "பசிக்குது அண்ணி, நீங்களும் உட்காருங்க" என்றாள். தட்டுப் போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. நான் என்ன பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்துவிட்டன.

பரத் வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கொயம்பு அவ்ளோ காரமா?" என்றான்.

"ஆமாண்டா, காரந்தான்" என்றேன்.

யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டாள்.